ஒரே சான்றிதழ், ஊருக்கு ஒரு சம்பளம்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் வரவு செலவு வாசிப்போம். இத்தனை பிள்ளைகளுக்கு உதவி, இவ்வளவு தொகை என்று சொன்னதும் நீங்கள் அல்ஹம்துலில்லாஹ் என்பீர்கள். தேநீர் குடித்துவிட்டுக் கலைந்து போவோம். இந்த வருடம் அந்தக் கணக்கை எழுதி வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே பேச வேண்டிய கணக்கு வேறு. அதில் எங்கள் பிழையும் இருப்பதால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

ரமலானில் தொடங்கியது இது. ஜகாத் உதவிக்கு விண்ணப்பம் கொடுக்க வந்த தாய்மார்களில் ஒருவர், 'வீட்டில் சம்பாதிப்பவர்' என்ற இடத்தில் 'மகள், ஆஸ்பத்திரி வேலை' என்று எழுதியிருந்தார். மகளின் பெயரைப் படித்ததும் எங்களில் ஒருவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் இதே மேடையில் நர்சிங் அசிஸ்டென்ட் படிப்புக்காகக் காசோலை வாங்கிய பிள்ளை அது. எங்கள் பதிவேட்டில் அந்தக் குடும்பத்துக்கு நேராகப் பச்சை மையில் 'தன் காலில் நிற்கிறது' என்று எழுதி வைத்திருக்கிறோம். மகளுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டோம். "6,500. லீவு போட்டால் பிடித்துக்கொள்வாங்க" என்றார். வீட்டு வாடகை மட்டும் 3,000.

அந்தத் தாய்க்கு ஜகாத் கொடுத்தோம். வாங்குவதற்கு முழுத் தகுதி உள்ளவர்தான். ஆனால் ஒரு குடும்பத்தை ஜகாத் வாங்கும் நிலையிலிருந்து மீட்பதற்காக ஜகாத் பணத்தைச் செலவழித்தோம். மகளும் படித்து முடித்து ஒரு நாள் விடாமல் வேலைக்குப் போகிறாள். மூன்று வருடம் கழித்து அதே குடும்பத்துக்கு மறுபடியும் ஜகாத் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் தவறு அந்தப் பிள்ளையிடம் இல்லை.

ஷவ்வால் மாதம் முழுக்க, மருத்துவம் சார்ந்த படிப்புக்கு நாங்கள் உதவிய பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தோம். பெண் பிள்ளைகளிடம் நம் மகளிர் குழு ராத்தாமார்கள் பேசினார்கள். சிலர் கல்யாணமாகி வேலையை விட்டிருந்தார்கள், சிலரின் எண் மாறிவிட்டது. கிடைத்தவர்களிடம் இரண்டு கேள்விதான் கேட்டோம். எங்கே வேலை? கையில் எவ்வளவு வருகிறது?

ஒரே நிலையத்தில், ஒரே வருடம், ஒரே ஓராண்டுச் சான்றிதழ் வாங்கிய நான்கு பிள்ளைகளைச் சொல்கிறோம். நம் ஊர் நர்சிங் ஹோமில் இருப்பவருக்கு 6,500. பட்டுக்கோட்டையில் இருப்பவருக்கு 8,000. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு 11,000. சென்னையில் இருப்பவருக்கு 14,500. வேலை என்னவோ நால்வருக்கும் ஒன்றுதான். பிரஷர் பார்ப்பது, ஊசிக்கும் டிரிப்ஸுக்கும் தயார் செய்வது, படுக்கை மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இரவில் கண் விழித்து நோயாளி பக்கத்தில் நிற்பது. நம் ஊர்ப் பிள்ளைக்கு இவற்றோடு வரவேற்பு மேசையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஊர் மாறினால் சம்பளம் மாறுவது ஒரு பக்கம். அதே கைவேலை, வேலை தரும் தொழில் மாறினாலும் மாறுகிறது. அந்த வகுப்பிலேயே படித்த ஒரு பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் ஷிஃப்ட் பார்க்கிறார். அவருக்கு 19,000. கேன்டீன் சாப்பாடு, கம்பெனி பஸ், பி.எஃப். எல்லாம் உண்டு. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவ அறையும் அதற்கான ஆளும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனைக்கு நம் பிள்ளை ஒரு செலவு. அந்தக் கம்பெனிக்கோ சட்டப்படி வைத்தே தீர வேண்டிய ஆள். மற்ற தொழிலாளிகளுக்கு என்ன முறையோ அதே முறையில் சம்பளம் போடுகிறார்கள். இன்னொரு பிள்ளை சென்னையில் வயதான ஓர் அம்மாவை வீட்டோடு தங்கிக் கவனிக்கிறார். மாதம் 20,000 என்று பேச்சு. ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் தரும். இரவு பகல் என்று பிரிவே கிடையாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் இல்லை. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் நம் ஊர்ப் பிள்ளையைவிடப் பெரிதாக ஒன்றும் வாங்கவில்லை.

வேடிக்கையாக ஒன்று. நாங்கள் உதவி செய்யாத ஒரு பிள்ளை, விலங்கியல் பி.எஸ்சி. முடித்தவர், திருச்சியில் மெடிக்கல் கோடிங் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்பைப் படித்து, இன்ஷூரன்ஸ் பில்லுக்கு எண் போடும் வேலை. நோயாளியை அவர் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஆரம்பச் சம்பளம் 17,000.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் எல்லோரையும் சென்னைக்கு அனுப்புங்கள்' என்று சொல்லத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. சென்னைப் பிள்ளையின் உம்மா எங்களை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 14,500-இல் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,740 போகிறது. இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 109 ரூபாய். கையில் வருவது 12,651. சாப்பாட்டோடு ஹாஸ்டல் 6,500. பஸ், போன், சோப்பு சீப்பு என்று 1,500. மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போனால் அதற்கு ஓர் ஆயிரம். வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது 3,600 சொச்சம். "இங்கேயே 6,500-க்கு இருந்தால் அதுவாவது முழுசா வீட்டுக்கு வரும். பிள்ளையும் கண் முன்னால இருக்கும்" என்று அந்த உம்மா கேட்டார். அந்த மாதக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தக் கணக்கில் வராத சில விஷயங்கள் உண்டு. பிடித்த 1,740 எங்கும் போய்விடவில்லை. நிர்வாகமும் அதே அளவு போடுகிறது. அதில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போனாலும் மற்றது பிள்ளையின் கணக்கில் சேர்கிறது. இ.எஸ்.ஐ. என்றால் தனக்கும் தன்னை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவம். நாளைக்குக் கல்யாணமாகிப் பிள்ளைப்பேறு என்று வந்தால், சந்தா ஒழுங்காகக் கட்டியிருக்கும் பெண்ணுக்கு 26 வாரம் ஊதியம் கிடைக்கும். நம் ஊர் நர்சிங் ஹோம்களில் கர்ப்பம் தரித்த பிள்ளை என்ன செய்கிறது? 'போய் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பெண்ணுக்குப் பிரசவ விடுப்பு இல்லை! சட்டப்படி 10 பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால் பி.எஃப். சிறிய இடங்கள் இந்த எண்ணுக்குக் கீழே நின்றுவிடுகின்றன. சில இடங்களில் ஆள் 14 பேர், வருகைப் பதிவேட்டில் 8 பேர்.

பதிவேட்டில் பெயர் இல்லாததன் விலை பின்னால்தான் தெரியும். வளைகுடா நாடுகளில் மருத்துவமனை வேலைக்கு உரிமம் வாங்க வேண்டுமானால் அனுபவச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்க்கும். கவரில் பணம் வாங்கிக்கொண்டு நாலு வருடம் உழைத்த பிள்ளைக்கு, அங்கே இருந்ததற்கே அத்தாட்சி இல்லை.

இனி, நம் ஊரில் மட்டும் ஏன் 6,500 என்ற கேள்வி. இதைத்தான் நாங்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தோம். சின்ன ஊர், வருமானம் குறைவு என்று டாக்டர்கள் சொல்வதில் உண்மை உண்டு. கட்டட வாடகை, ஜெனரேட்டர் டீசல், தள்ளுபடி கேட்கும் நோயாளிகள் (அந்தத் தள்ளுபடிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதுவதும் நாங்கள்தான்!) எல்லாம் இருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதைப் பேசவில்லை. ஆனாலும் ஒரு டாக்டரிடம் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி நாங்கள் போனபோது, அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாய், இந்தப் பிள்ளை போனால் என்ன, அடுத்த வருஷம் நீங்களே இன்னும் பத்துப் பேரை அனுப்புவீங்களே!"

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. நம் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய நர்சிங் ஹோம்கள். நாங்கள் வருடா வருடம் பதினைந்து, இருபது பிள்ளைகளை அதே ஓராண்டுப் படிப்புக்கு அனுப்பினோம். வெளியூர் போகக் கூடாது என்று பெற்றோர் நிபந்தனை வைத்திருப்பது சம்பளம் கொடுப்பவருக்கும் தெரியும். போக இடமில்லாத ஆளுக்கு யாராவது கூடுதலாகக் கொடுப்பார்களா? உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, முன்னால் அனுப்பிய பிள்ளையின் சம்பளத்தை அடுத்து அனுப்பிய பிள்ளையைக் கொண்டு நாங்களே கீழே பிடித்து வைத்திருக்கிறோம். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்து, சான்றிதழ். பெற்றோர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அரசாங்கம் 'நர்ஸ்' என்று சொல்வது தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பெயர் பதிந்தவரை. இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் ஆகியவை அங்கே பதிய முடிகிற படிப்புகள். தெருவுக்குத் தெரு நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, ஓராண்டு, ஆறு மாதம், 'நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்' என்று; அது வேலை கற்றுக் கொடுக்கலாம், சில இடங்களில் நன்றாகவே கற்றுக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் பதிய முடியாது. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி டிப்ளமோ என்றால் குறைந்தது இரண்டு வருடம், 2,000 மணி நேரப் படிப்பு இருக்க வேண்டும். ஓராண்டுச் சான்றிதழ் இதிலும் வெளியே நிற்கிறது.

பதிந்தவர், பதியாதவர் என்பதால் என்ன வித்தியாசம்? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளத்தைப் பற்றி ஒரு குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் கீழே உள்ள மருத்துவமனையில்கூட மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் என்றது. பக்கத்தில் கேரளாவில் நர்ஸ்கள் வீதிக்கு வந்து போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையிலேயே வாங்கிவிட்டார்கள். நம் மாநிலத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் 2015-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸ்களுக்கு முதலில் கிடைத்தது 7,700 ரூபாய். போராட்டங்களும் வழக்குகளும் நடந்து, அது 14,000 ஆகி, பிறகு 18,000 ஆயிற்று. இன்னும் நிரந்தரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சேர்ந்து நின்று கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு பெயரும் பதிவு எண்ணும் இருந்தது. நம் பிள்ளைகள் அந்தக் கணக்கு எதிலும் இல்லை.

'மருத்துவ உதவியாளர்' என்ற பெயரை அரசாங்கமே ஓரிடத்தில் பயன்படுத்துகிறது. 2008-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 108 ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்னால் இருப்பவருக்கு அதுதான் பதவிப் பெயர். அதற்கு ஆள் எடுக்கும் அறிவிப்பில் பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., ப்ளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடம் படித்த டி.எம்.எல்.டி., அல்லது விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பி.எஸ்சி. என்று கேட்பார்கள். 12 மணி நேர ஷிஃப்ட், இரவும் பகலும் மாறி வரும். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்துக்கும் போக வேண்டும். கடினமான வேலை. ஆனால் வேதாரண்யத்தில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் அறிவித்த சம்பளம் ஒன்றுதான். ஊரைப் பார்த்துக் குறைக்க மாட்டார்கள்.

மாவட்ட நலவாழ்வுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்த வேலைகளுக்குப் பேப்பரிலும் மாவட்ட இணையதளத்திலும் அறிவிப்பு வரும். அண்மை வருடங்களில் வந்தவற்றை எடுத்துப் பார்த்தோம். நர்ஸுக்கு 18,000. லேப் டெக்னீஷியனுக்கு 13,000. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும் என்ற பல்நோக்கு மருத்துவமனைப் பணியாளருக்கு 8,500. எங்கள் மேடையில் காசோலை வாங்கி, ஒரு வருடம் படித்துச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் பிள்ளை வாங்குவது அதற்கும் 2,000 கீழே.

இன்னும் ஒன்று. மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும், தமிழ்நாட்டில் அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கும் தொழில்களில் சேர்ந்தவை. அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படி சேரும். அந்தப் படி ஏப்ரல் தோறும் மாறும். 6,500 அந்த அளவுக்கு ரொம்பக் கீழே. இது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் கேட்பதில்லை.

இவ்வளவும் அடுத்தவர்களைப் பற்றி. இனி எங்களைப் பற்றி.

நம் அறக்கட்டளை நடத்தும் இலவச மருத்துவமனையில், இலவசம் என்றாலும் 20 ரூபாய் சீட்டு வாங்குகிறோம், இரண்டு பெண் பிள்ளைகள் உதவியாளராக இருக்கிறார்கள். காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம். அவர்களுக்கு நாங்கள் கொடுத்து வந்தது 5,000 ரூபாய். எங்கள் கணக்குப் புத்தகத்தில் அதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை. 'ஹதியா' என்று எழுதியிருக்கிறோம். பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒரு நல்ல மனதில் எழுதிய சொல், அப்படியே நின்றுவிட்டது. மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இஜாரா பாடத்தில் முதலில் என்ன ஓதினோம்? வேலை இன்னது, காலம் இன்னது, கூலி இன்னது என்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதானே? வேலையும் காலமும் நாங்கள் நிர்ணயித்தோம். வராத நாளுக்குக் கணக்கும் வைத்தோம். கூலிக்கு மட்டும் ஹதியா என்று பெயர் சூட்டிக்கொண்டோம். நாங்கள் கொடுப்பது 5,000 என்று தெரிந்த ஊரில், 6,500 கொடுக்கும் டாக்டர் தன்னைத் தாராளமானவர் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

நிர்வாகக் குழுவில் இது எளிதாக முடியவில்லை. மூன்று கூட்டம் நடந்தது. 'ஏழைகளுக்கான மருத்துவமனை, சீட்டுக் காசை ஏற்றினால் அவர்கள் எங்கே போவார்கள்' என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த இரண்டு பிள்ளைகளும் ஏழைகள்தானே என்று இன்னொருவர் கேட்டார். அதுவும் நியாயம். முடிவில் இப்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்த மாதம் முதல் இருவருக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், வாரம் ஒரு நாள் ஓய்வு, எழுத்தில் நியமன உத்தரவு. சீட்டு 20-லிருந்து 40 ரூபாய். ஜகாத் அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சீட்டே இல்லை. அப்படியும் பற்றாக்குறை வரும். அதற்குத்தான் தனவந்தர்களே, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஜகாத்தைச் சம்பளத்துக்கு எடுக்க மாட்டோம், சதக்காவாகத்தான் கேட்போம். மூத்த உறுப்பினர் தன் ஆட்சேபத்தை நிகழ்ச்சிக் குறிப்பில் பதியச் சொன்னார், பதிந்திருக்கிறோம்.

உதவித்தொகையிலும் மாற்றம் இருக்கிறது. இதில் இங்கே வந்திருக்கும் சிலருக்கு வருத்தம் வரும். எங்கும் பதிய முடியாத ஓராண்டு, ஆறு மாதப் படிப்புகளுக்கு இனி உதவி இல்லை. இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முடியும் வரை கொடுப்போம். ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. நர்சிங், இரண்டு வருட டி.எம்.எல்.டி., டி.ஃபார்ம்., டயாலிசிஸ் போன்ற படிப்புகளுக்குச் செலவு அதிகம். அதனால் சென்ற வருடம் 22 பிள்ளைகளுக்குக் கொடுத்த இடத்தில், இந்த வருடம் 9 பேருக்குத்தான் கொடுக்க முடிகிறது. எண்ணிக்கை குறைந்ததற்காகக் கேள்வி கேளுங்கள். ஆனால் மூன்று வருடம் கழித்து இவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்றும் கேளுங்கள். இனி ஆண்டறிக்கையில் அதையும் போடுவோம், பெயர் இல்லாமல்.

அதற்கும் முன்னால், அரசு இடத்தைப் பார்த்தீர்களா என்று கேட்போம். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இந்தத் துணை மருத்துவப் படிப்புகள் இருக்கின்றன. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். 2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது. நாம் அதை முழுக்கப் பயன்படுத்துகிறோமா? விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு ஜாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு ஓடுகிற பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறோம். பத்தாம் வகுப்பு முடிந்ததுமே வாங்கி வையுங்கள். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்பதையும் அப்போதே யோசியுங்கள். உயிரியல் இல்லாமல் சேர்ந்துவிட்டு இரண்டு வருடம் கழித்து லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்று வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிநாட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் கூட்டத்தை முடிக்க முடியாது. நம் பையன் ஒருவர், அதே ஓராண்டுச் சான்றிதழோடு, ரியாதில் நர்சிங் அசிஸ்டென்ட், 2,500 ரியால் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்துப் போனார். விசாவில் இருந்தது துப்புரவுத் தொழிலாளி. மருத்துவமனையில்தான் வேலை, அதில் பொய் இல்லை. கையில் துடைப்பம். 1,000 ரியால். உம்மாவின் நகை அடகில் இருக்கிறது. நர்ஸாகப் பதிந்தவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போவதென்றால், 2015-லிருந்து அரசு நிறுவனங்கள் மூலமாகப் போக வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. நம் மாநிலத்தில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978-இலிருந்து இருக்கிறது. கேரளப் பிள்ளைகள் தங்கள் மாநில நிறுவனங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். நாம் மட்டும் மச்சானின் கூட்டாளிக்குத் தெரிந்த ஏஜென்ட் என்று போகிறோம். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் விசாத் தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். அரபியில் இருக்கும் பதவிப் பெயரைப் படித்துச் சொல்ல இந்த ஊரில் ஆலிம்களுக்கா பஞ்சம்? பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. கட்டிய பிறகு வந்தால் துஆ மட்டும்தான் செய்ய முடியும்.

பெண் பிள்ளைகள் வெளியூர் போவதைப் பற்றி உலமாப் பெருமக்களோடு தனியாக உட்கார்ந்து பேசினோம். ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு, நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து தங்க ஒரு வீடு, பொறுப்பான ஒரு ராத்தாவின் கவனிப்பில் இருந்தால் அனுப்புவோம் என்று சில வாப்பாமார்கள் சொல்லியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவமனைக்குப் பக்கத்தில், பள்ளிவாசல் தெருவில் வாடகை வீடு யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நாலு பிள்ளைகளாவது அங்கே 11,000-க்குப் போய்விட்டால், இங்கே 6,500 சொல்கிறவர் கொஞ்சம் யோசிப்பார்.

ரமலானில் வந்த அந்தத் தாயின் மகளைப் பற்றிக் கேட்பீர்கள். அந்தப் பிள்ளை ஏ.என்.எம். சேர விரும்புகிறது. ஆனால் இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் வீடு எப்படி ஓடும் என்று தயங்குகிறது. படிப்புச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். வீட்டுக்கு மாதம் 6,500 யார் தருவது என்பதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் யாராவது இரண்டு வருடத்துக்கு ஏற்றுக்கொள்வதாக இருந்தால் பெயரைச் சொல்ல வேண்டாம், பொருளாளரிடம் சொன்னால் போதும்.

உதவித்தொகைப் படிவம் நாளை முதல் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் கிடைக்கும். ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல், ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஜமாஅத் கடிதம் ஆகியவற்றோடு, சேரப்போகும் கல்லூரி எந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றது என்பதற்கான தாளையும் கொண்டு வாருங்கள். அந்தத் தாளைக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள், தர மறுத்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். ஏற்கனவே வேலையில் இருக்கும் பிள்ளைகள், சம்பளச் சீட்டு இருந்தால் சீட்டோடும் இல்லாவிட்டால் சும்மாவும் வெள்ளிக்கிழமை மாலை மகளிர் குழுவை வந்து பார்க்கலாம்.